கிரீஸ் கன்னும் போனும்: மாங்கூழ் ஆலையில் ஏஆர் வழிகாட்டி அமைக்கும் முறை

கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் உயிர். பெங்களூரா ரக மாங்காய் லாரியில் வர ஆரம்பித்தால் ராத்திரி பகலாக ஓடும், காய் தீர்ந்தால் நின்றுவிடும். போன சீசனில் மிஷின் பழகியவர்களில் பலர் இந்த சீசனுக்கு வரமாட்டார்கள், ஓசூரில் நிரந்தர வேலை கிடைத்துப் போயிருப்பார்கள். புது ஆட்களுக்கு ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாகவேண்டும். சொல்லிக்கொடுக்கவேண்டிய ஃபிட்டரோ கூழ் பிழியும் மிஷினான பல்பருக்கு அடியில் படுத்திருப்பார்.

ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏஆர், இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. போன் கேமராவை மிஷின் பக்கம் திருப்பினால் திரையில் அந்த மிஷினின் மேலேயே அம்பும் எண்ணும் தெரியும். காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் ஆலையில் இதை அமைத்து, இரண்டு சீசன் பக்கத்தில் நின்று பார்த்தபின் இதை எழுதுகிறேன். ஃபிட்டர், சூப்பர்வைசர், சின்ன ஆலை முதலாளி என யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் வரிசை மாறக்கூடாது. தடுமாறியவர்களில் அநேகம் பேர் செயலியில் ஆரம்பித்து வேலைக்கு வந்தவர்கள்.

ஆரம்பிக்கும் முன் கையில் இருக்கவேண்டியவை: ஏஆர் ஓடும் ஆண்ட்ராய்டு போன் இரண்டு, மிஷினை நன்றாக அறிந்த ஒரு ஃபிட்டரின் இரண்டு நாள் நேரம், செயலி செய்துதர யூனிட்டி மென்பொருள் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ, டேப், பெயின்ட் மார்க்கர். இந்த வேலையை மாசி, பங்குனியில் முடித்துவிடுங்கள். காய் வந்தபின் யாரும் உங்களோடு பேசக்கூட நிற்கமாட்டார்கள்.

1. ஏஆருக்கு ஏற்ற வேலையா என்று பாருங்கள்

ஏஆர் நன்றாகப் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: "எங்கே?" எவ்வளவு இறுக்குவது, எந்தச் சத்தம் வந்தால் நிறுத்துவது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கை அசைவு முக்கியமான வேலையென்றால் முப்பது விநாடி வீடியோ போதும், மிஷின் பக்கத்தில் ஒரு கியூஆர் கோடு ஒட்டிவிடலாம். ஒரு எண் மட்டும் தெரியவேண்டும் என்றால் பெயின்ட்டால் பெரிதாக எழுதிய பலகையை மிஞ்சிய தொழில்நுட்பம் கிடையாது.

நான் முதலில் எடுத்தது பல்பர் மூடியின் எட்டு போல்ட். எதிரெதிராக, 1-5-3-7-2-6-4-8 என்ற வரிசையில் இறுக்கவேண்டும். திரையில் எண்கள் அழகாகத் தெரிந்தன. இரண்டாம் நாள் வயதான ஃபிட்டர் ஒருவர் மூடியிலேயே பெயின்ட்டால் எண் போட்டுவிட்டார். அத்தோடு என் ஏஆர் அங்கே செத்தது. அவர் செய்ததுதான் சரி.

பிறகு எடுத்தது கிரீஸ் சுற்று. காய் கழுவும் தொட்டியிலிருந்து எலிவேட்டர், பொறுக்கும் கன்வேயர், பல்பர், கூழை நைசாக்கும் ஃபினிஷர் வரை பேரிங்குகள் இருக்கின்றன. கிரீஸ் அடிக்கும் சின்ன முனைகளான நிப்பிள்களில் பாதி, கார்டுக்கு (காப்புத் தகட்டுக்கு) பின்னாலும் சட்டத்துக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். புது ஆள் கண்ணுக்குத் தெரிந்ததற்கு மட்டும் அடித்துவிட்டு வந்துவிடுவார். மறந்துபோன பேரிங் சீசன் நடுவில் பிடித்துக்கொண்டால் முற்றத்தில் காய் லாரி வரிசையில் நிற்கும். இடம்தான் இங்கே பிரச்சினை, மிஷினை நிறுத்திவிட்டுச் செய்யும் வேலை, தப்பினாலும் உடனே ஆபத்தில்லை. முதல் முயற்சிக்கு இப்படி ஒன்றைத் தேடுங்கள்.

பாய்லர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது சான்றிதழ் பெற்ற அட்டெண்டென்ட்டின் இடம். அம்பு பார்த்து ஓட்டும் இடம் அல்ல.

2. பேப்பரில் எழுதுங்கள், எழுதியதை வேறு ஆளிடம் கொடுத்துப் பாருங்கள்

ஃபிட்டரோடு ஒரு முழுச் சுற்று நடங்கள். அவர் செய்யட்டும், நீங்கள் எழுதுங்கள். "அடுத்து என்ன செய்வீங்கண்ணா?" என்று கேட்டால் பாதிதான் வரும், மீதி அவருடைய கைக்குத்தான் தெரியும். நிப்பிளில் கிரீஸ் கன்னை மாட்டும் முன் அவர் கட்டைவிரலால் துணியைச் சுழற்றித் துடைத்தார். கேட்டதற்கு "அதெல்லாம் சொல்லணுமா" என்றார். சொல்லித்தான் ஆகவேண்டும். துடைக்காமல் அடித்தால் நிப்பிள் தலையில் ஒட்டியிருக்கும் மண்ணும் காய்ந்த மாங்கூழும் கிரீஸோடு பேரிங்குக்குள் போய்விடும்.

ஒவ்வொரு நிப்பிளுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எங்கே, எந்த கிரீஸ், எத்தனை அடி (கன்னின் நெம்புகோலை எத்தனை முறை அழுத்துவது), எந்த கார்டைக் கழற்றவேண்டும். கூழ் படக்கூடிய இடத்துக்கு உணவுத் தர கிரீஸ், அதாவது எச்1 வகை. எலிவேட்டர் மோட்டார் பக்கம் சாதா கிரீஸ். இரண்டு கன் இருந்தும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவதுதான் புது ஆட்கள் அதிகம் செய்யும் பிழை. அதனால் கன்களில் வெள்ளை, சிவப்பு டேப் சுற்றி, திரை அம்புகளுக்கும் அதே நிறம் கொடுத்தோம். "எச்1" என்று எழுதியபோது யாரும் கவனிக்கவில்லை. நிறம் கொடுத்த அன்றே தப்பு நின்றது.

எழுதிய தாளை அந்த மிஷினையே பார்க்காத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம். தாளில் ஓடாத வேலை போனிலும் ஓடாது.

3. போனைத் தேர்ந்தெடுங்கள், கண்ணாடியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்

தலையில் மாட்டும் ஏஆர் கண்ணாடி பார்க்க ஜோராக இருக்கும், இரண்டு கையும் காலியாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஹோலோலென்ஸ் 2 மட்டும் 566 கிராம். மே மாதத் தகரக் கூரைக்கு அடியில் அதை எட்டு மணி நேரம் யார் மாட்டுவார்? அதன் தயாரிப்பு 2024-லும், கூகுள் கிளாஸின் தொழிற்சாலைப் பதிப்பு விற்பனை 2023-லும் நின்றுபோயின. பழசு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீராவி பக்கம் போனால் லென்ஸும் மூடிக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டு போனில் ஏஆர் வேலைக்கு அடிப்படை கூகுளின் ஏஆர்கோர். அதற்கு ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் வேண்டும். அது இருந்தாலும் எல்லா மாடலிலும் ஓடாது. வாங்கும் முன் கூகுள் வெளியிட்டிருக்கும் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஐந்து போன் வாங்கியபின் பட்டியலைத் திறந்தார். அந்தப் போன்கள் இப்போது கேட்டில் வருகைப் பதிவுக்குப் பயன்படுகின்றன.

தண்ணீர் தாங்கும் ஐபி67 போன் நல்லது. அதற்காக ஹோஸ் பைப்பைத் திருப்பி அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தால் தாங்கும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள், சூடான வேகத் தண்ணீருக்கு அது பொருந்தாது. இன்னொன்று, உணவு ஆலையில் கண்ணாடித் துண்டு விழக்கூடாது. திரைக்குப் படலம் ஒட்டி, பின்னால் உறை போட்டு, இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொள்ளவேண்டும். திறந்த கூழ்த் தொட்டிக்கு மேல் போனை நீட்டக்கூடாது என்பதை விதியாகவே எழுதி ஒட்டுங்கள்.

4. படக்குறி ஒட்டுங்கள்

வழுக்கிவிழும் ஆட்கள் அதிகம் இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தான் எங்கே நிற்கிறோம் என்பதைப் போன் எப்படி அறிகிறது? கேமராவில் தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகளைப் பிடித்துவைத்து, அவை எப்படி நகர்கின்றன என்று கணக்குப் போடுகிறது. நம் ஆலையில் கண் போகும் இடமெல்லாம் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிடிக்கப் புள்ளி கிடையாது, இருப்பதும் டியூப் லைட்டின் பிரதிபலிப்பு, நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். அதனால்தான் "அண்ணா, அம்பு ஓடுதுண்ணா" என்று பையன்கள் கத்துவார்கள். மிஷினை நேரடியாக அடையாளம் காணும் முறைகளும் இருக்கின்றன. ஸ்டீல் ஆலையில் அவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். அச்சடித்த ஒரு படத்தை, அதாவது படக்குறியை, மிஷின் சட்டத்தில் ஒட்டி, அதை வைத்து அம்புகளை நிறுத்துங்கள்.

படம் எப்படி இருக்கவேண்டும்? ஏஆர்கோருக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர். கியூஆர் கோடு, கம்பெனி லோகோ, கோட்டோவியம் வேண்டாம், பிடித்துக்கொள்ள விவரம் போதாது. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதும் ஆகாது, கோலமும் செங்கல் சுவரும் அதனால்தான் கழிந்தன. விவரம் நிறைந்த புகைப்படம்தான் சரி. நாங்கள் சந்தைக் கூட்டம், கோட்டை மலைப் பாறை, தேர், மயில் என்று மிஷினுக்கு ஒரு படம் எடுத்தோம். இப்போது ஆட்கள் "தேர் மிஷின்", "மயில் மிஷின்" என்றே சொல்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நான்கு மொழி பேசும் ஷிப்டில் அது நாங்கள் எதிர்பாராமல் கிடைத்த லாபம்.

மேட் ஃபினிஷில் அச்சடித்து, வளையாத தட்டையான ஏசிபி ஷீட்டில் (அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பலகையில்) ஒட்டுங்கள். பளபள லேமினேஷன் போட்டால் பகலில் நன்றாக ஓடி, நைட் ஷிப்டில் விளக்கு பட்டதும் படம் தெரியாமல் போகும். குழாயின் வளைவில் சுற்றி ஒட்டினாலும் அடையாளம் தெரியாது.

அச்சானதும் ஸ்கேல் வைத்து அகலத்தை அளங்கள். பிரிண்டிங் கடையில் தாளுக்குப் பொருந்தும்படி தானாகச் சுருக்கிவிடுவார்கள். 15 சென்டிமீட்டர் என்று செயலியில் கொடுத்திருப்பீர்கள், ஒட்டியிருப்பதோ 14.3 ஆக இருக்கும். அம்புகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நிற்கும். காரணம் தெரியாமல் நான் ஒரு நாள் முழுக்கச் செயலியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

படத்தை நிப்பிளுக்கு எவ்வளவு பக்கத்தில் ஒட்டமுடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஒட்டுங்கள். சாய்வில் ஒரு டிகிரி பிசகினால் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் அம்பு மூன்றரை சென்டிமீட்டர் விலகும், அரை மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிப்பிள் இருந்தால் அந்த மூன்றரை சென்டிமீட்டரில் ஒன்று விட்டுப்போகும். ஒரு நீள கன்வேயருக்கு ஒரு படம் போதாது, நாங்கள் நான்கு வைத்தோம். முதலில் அடையாளம் காணும்போது படம் திரையில் கால் பங்காவது நிறையவேண்டும், ஆள் கிட்டே போகவேண்டும். கிட்டே போக இடமில்லாத இடத்தில் படத்தை 30 சென்டிமீட்டராக்குங்கள்.

5. அம்பு போடுங்கள், எழுத்தைக் குறையுங்கள்

ஒரு திரையில் ஒரு அம்பு. சுற்றிலுள்ள பதினான்கு அம்புகளையும் ஒரே சமயத்தில் காட்டினால் புது ஆள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர் போல நிற்பார். ஒன்று முடிந்ததும் பொத்தானை அழுத்தினால் அடுத்தது வரட்டும்.

அம்போடு மூன்று விஷயம் போதும்: எண், நிறம், எத்தனை அடி. "3 — வெள்ளை — 2 அடி." கார்டுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மங்கலான கோட்டோவியமாக ஊடுருவித் தெரியும்படி காட்டுங்கள். வெளியில் தெரியாததைக் காட்டுவதுதான் ஏஆரின் நிஜ வேலை, அதற்கு உழைப்பைச் செலவிடுங்கள். சுழலும் கியர், பறக்கும் எழுத்து எல்லாம் முதலாளிக்குக் காட்டும்போது நன்றாக இருக்கும், பேட்டரியைத்தான் தின்னும்.

குரலும் சேருங்கள், ஆனால் நம்பியிருக்காதீர்கள். கன்வேயர் சத்தத்தில் காதில் விழாது. குரல் பதிவு செய்தால் இங்கத்திய பேச்சிலேயே செய்யுங்கள். "மசகுக் களிம்பைச் செலுத்தவும்" என்று பதிவு செய்த ஒரு செயலியைக் கேட்டு ஷிப்டே சிரித்தது.

6. பூட்டு முதல் படி

முதல் திரையில் அம்பு வரக்கூடாது. "ஐசோலேட்டரை நிறுத்து, பூட்டுப் போடு, உன் பெயர் அட்டையை மாட்டு, சாவியைப் பையில் வை" என்பதுதான் முதல் திரை. ஐசோலேட்டர் என்பது மிஷினுக்கு வரும் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச். அதற்குப் பிறகு மிஷினின் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, மிஷின் ஓடவில்லை என்று பார்த்தபின்தான் அடுத்தது. காரணம் எளிது: திரையைப் பார்க்கும் மனிதனுக்குச் சுற்றுப்புறம் தெரியாது. கார்டைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, கண் போனில் இருக்கும்போது வேறு யாரோ ஸ்டார்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்று எழுதவேண்டியதில்லை.

நடக்கும்போது போன் பைக்குள். தரையில் தோலும் தண்ணீரும் கிடக்கும், மாந்தோலில் வழுக்கினால் எழுந்திருக்க நேரமாகும். செயலியில் ஒரு மிஷினின் வேலை முடிந்ததும் திரை கறுப்பாகி, அடுத்த படத்தைக் காட்டினால்தான் திறக்கும்படி செய்தோம். முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

7. "பார், வை, செய்"

நெம்புகோல் கிரீஸ் கன்னுக்கு இரண்டு கை வேண்டும். போனுக்கு ஒரு கை. இந்த மூன்று கைக் கணக்கை மேஜையில் உட்கார்ந்து செயலி செய்கிறவர் ஒருநாளும் போடமாட்டார். ஆகவே ஒவ்வொரு படியும் மூன்றாகப் பிரியவேண்டும்: அம்பைப் பார், போனை வை, வேலையைச் செய். போனை வைத்து எடுத்தபின் அம்பு அதே இடத்தில் இருக்காது என்று வைத்துக்கொண்டு, மறுபடி படத்தைக் காட்டிச் சரிசெய்யும் வழி இருக்கட்டும்.

எங்கே வைப்பது? காந்தம் வைத்த போன் ஸ்டாண்ட் இரண்டு வாங்கிக்கொண்டு பெருமையாகப் போனேன். சட்டத்தில் வைத்தேன், விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தேன், அதுவும் விழுந்தது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காந்தம் பிடிக்காது. இத்தனை வருஷம் ஸ்டீலோடு புழங்கிவிட்டு அதை மறந்ததற்கு ஃபிட்டர் இன்றுவரை கேலி செய்கிறார். ஸ்க்ரூ வைத்து இறுக்கும் கிளாம்ப் வாங்குங்கள், இல்லையென்றால் இடுப்புப் பை போதும்.

ஈரக் கையுறையோடு தொட்டால் திரை கேட்காது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பட்டனை "அடுத்தது" என்று மாற்றிவைக்கச் சொல்லுங்கள், கையுறையைக் கழற்றாமலே அழுத்தலாம்.

8. நெட் இல்லாமல் ஓடவேண்டும்

தகரக் கூரையும் ஸ்டீல் தொட்டிகளும் சிக்னலை விழுங்கிவிடும். படம், அம்பு, குரல் எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கட்டும். ஆபீஸ் அறையில் ஓடியதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஏரோபிளேன் மோடில் போட்டு, பல்பர் பக்கத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஏஆர் ஓடினால் போன் சூடாகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதனால்தான் இரண்டு போன் கேட்டேன்: ஒன்று கையில், ஒன்று சார்ஜில்.

9. புது ஆளிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்

மிகக் கஷ்டமான படி இதுதான். கை பரபரக்கும், "அங்க இல்லப்பா, கீழே" என்று வாய் வந்துவிடும். சொல்லிவிட்டால் சோதனை வீண். எங்கே நின்றார், எத்தனை முறை போனைத் திருப்பினார், எந்த நிப்பிளை விட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எதை விட்டார் என்று தெரிய ஒரு வழி: அவருக்குத் தெரியாமல் எல்லா நிப்பிள் தலையிலும் முன்கூட்டியே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவையுங்கள். துடைக்காத நிப்பிளில் கோடு அப்படியே இருக்கும்.

குறைந்தது மூன்று பேரிடம் பாருங்கள், அதில் ஒருவராவது தமிழ் படிக்கத் தெரியாதவராக இருக்கட்டும். எங்கள் முதல் சோதனையில் மூன்று பேரும் பதினோராவது நிப்பிளை விட்டார்கள். அம்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்க்கக் குனிந்ததும் படக்குறி கேமராவை விட்டுப் போய், அம்பு மேலே ஏறிவிட்டது. சட்டத்தின் அடிப்பக்கத்தில் இன்னொரு படம் ஒட்டியதும் சரியானது.

10. தூரத்து ஃபிட்டரைக் கூப்பிடும் வசதி கடைசியில்

மிஷின்காரர் ஓசூரிலிருந்து வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், லாரி நெரிசலைச் சேர்த்தால் நேரம் கூடும். வீடியோ அழைப்பில் அவர் தன் திரையில் வட்டம் போட, அது இங்கே மிஷின் மேல் ஒட்டி நிற்கும் வசதி உண்மையிலேயே உதவும். ஆனால் இதற்கு நல்ல நெட் வேண்டும். பேனல் ரூமிலிருந்து வைஃபை இழுத்தபின் தொடங்குங்கள்.

இரண்டு விதி வையுங்கள். ஒன்று, வட்டம் போடும் முன் படத்தை உறையவைக்கவேண்டும். நெட் தாமதத்தில் அவர் பார்க்கும் இடமும் இங்கே கேமரா காட்டும் இடமும் வேறாக இருக்கும், வட்டம் பக்கத்து வால்வில் விழும். இரண்டு, "அது", "இந்தப் பக்கம்" கூடாது. வால்வு எண்ணைச் சொல்லவேண்டும், இங்கிருப்பவர் திருப்பிச் சொல்லவேண்டும், அப்புறம்தான் கை வைக்கவேண்டும். வால்வுக்கு எண் தகடு இல்லையென்றால் முதலில் அதை அடியுங்கள்.

ஆட்களிடம் நேராகப் பேசிவிடுங்கள்: வீடியோ எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், எவ்வளவு நாள் இருக்கும். எங்கள் ஆலையில் "எங்களைக் கண்காணிக்கத்தான் கேமரா" என்று ஒரு பேச்சு கிளம்பி, ஒரு வாரம் யாரும் போனைத் தொடவில்லை. அழைப்புகள் பதிவாகாது என்று எல்லோர் முன்னும் சொல்லி, அமைப்பைத் திறந்து காட்டியபின்தான் எடுத்தார்கள்.

11. சீசன் முடிந்ததும்

மிஷினை மாற்றினாலோ, பேரிங்கை இடம் மாற்றினாலோ, அன்றைக்கே அம்பையும் மாற்றவேண்டும். பழைய அம்பு வெற்று இடத்தைக் காட்டினால் ஆட்கள் மற்ற பதின்மூன்றையும் நம்பமாட்டார்கள். இதற்கு ஒரே ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

படக்குறிகளின் பின்பக்கம் தேதியும் மிஷின் பெயரும் எழுதிவையுங்கள். காஸ்டிக் சோடா போட்டுக் கழுவிக் கழுவிப் படம் வெளுத்துப்போகும், மயிலின் தோகை போனபின் கேமராவுக்கு அது வெறும் தாள். சீசன் முடிந்து கடைசிக் கழுவலுக்கு முன் ஷீட்டுகளைக் கழற்றி, ஸ்டோரில் வரிசையாக அடுக்கி, இருந்த இடத்தைச் சட்டத்தில் பெயின்ட் மார்க்கரால் நான்கு மூலையிலும் குறித்துவிடுங்கள். அடுத்த வருஷம் ஒரு விரல்கடை தள்ளி ஒட்டினாலும் அம்புகள் எல்லாம் அதே ஒரு விரல்கடை தள்ளித்தான் நிற்கும்.